இத்தாலி ஓட்டல் பில்லில் எகிறும் சர்வீஸ் சார்ஜ்! கட்டாயமா கட்டணுமா?

புதுச்சேரி:

சனி, ஞாயிறு வந்தால் போதும், புதுவை கடற்கரை சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. சென்னை, பெங்களூரில் இருந்து கார்கள் வரிசை கட்டி வருகின்றன. கடலைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து நுழைவது பிரெஞ்சுக்காரர் காலத்து வீதிகளில் உள்ள ஓட்டல்களில். இத்தாலி சாப்பாட்டுக்கு இங்கே தனி கிராக்கி. இப்போ உள்ளூர்க்காரர்களும் பிள்ளைகள் ஆசைப்படுதேன்னு மாசத்துக்கு ஒரு தடவை போறாங்க.

கடந்த வாரம் நாமும் குடும்பத்தோடு ஒரு சின்ன ஓட்டலுக்குப் போனோம். கணவர் அடுப்படியில், மனைவி கல்லாவில், பரிமாற வெளியூர் பையன்கள் 2 பேர். விறகு அடுப்பில் சுட்ட பீட்சா, மெல்லிசாக, ஓரம் லேசாக கருகி, அருமையாக இருந்தது. குறை சொல்ல முடியாது. பீட்சா, பாஸ்தா, 2 லெமன் சோடா எல்லாம் சேர்த்து மெனு கார்டு கணக்குப்படி 1,000 ரூபாய். பில் வந்தது 1,155 ரூபாய்!

எப்படி? 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 100 ரூபாய். அதையும் சேர்த்து 1,100 ரூபாய்க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 55 ரூபாய். அதாவது சர்வீஸ் சார்ஜுக்கும் நாமதான் வரி கட்டறோம். சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 1,050 ரூபாயோடு முடிந்திருக்கும்.

பலரும் சர்வீஸ் சார்ஜை அரசாங்க வரி என்று நினைத்து வாயைத் திறக்காமல் கட்டிவிடுகிறார்கள். அது வரியே இல்லை. அரசுக்கு ஒரு பைசா போகாது, ஓட்டல் முதலாளிக்குத்தான் போகும்.

இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி உத்தரவு போட்டது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ந் தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, ஆளுக்கு ரூ.1 லட்சம் கட்டவும் சொன்னது. சங்கங்கள் அப்பீலுக்கும் போயின. விருப்பப்பட்டு டிப்ஸ் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

ஓட்டல்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சனி, ஞாயிறு வருகிற கூட்டம் செவ்வாய், புதன் வராது. வாடகையும் கரண்ட் பில்லும் 30 நாளைக்கும் உண்டு. அப்படி கட்டுப்படியாகலைன்னா பீட்சா விலையை 20 ரூபாய் ஏத்தி கார்டிலேயே போடட்டும். அதை எந்த சட்டமும் தடுக்கவில்லை. வாசலிலேயே விலை பார்த்து, முடிஞ்சவங்க போவாங்க, முடியாதவங்க வடை சாப்பிட்டுட்டு போவாங்க. இத்தாலியிலேயே 'கொபெர்த்தோ' என்று தலைக்கு இவ்வளவு என வாங்கும் பழக்கம் உண்டு. ஆனால் அதை மெனு கார்டில் எழுதி வைக்கணும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல் சீஸ், வெண்ணெய், பாஸ்தா மீதான ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 5 சதவீத வரி போடும் ஓட்டல்கள் சரக்குக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் இந்த வரிக் குறைப்பு நேராக அவர்கள் கொள்முதல் செலவைக் குறைக்கும். நாம் போன ஓட்டலில் மெனு கார்டு விலை மட்டும் பழையபடியே இருக்கிறது.

சின்ன ஓட்டல் என்றால் பில்லின் மேல் பகுதியையும் பாருங்கள். 'காம்போசிஷன்' திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது. அவர்கள் கையில் இருந்துதான் கட்ட வேண்டும்.

சரி, அந்த 100 ரூபாய் பரிமாறுகிறவர்களுக்காவது போகுதா? பையனிடம் மெதுவாகக் கேட்டோம். "எங்களுக்கு சம்பளம் மட்டும்தான் சார்" என்றான்.

கல்லாவில் போய் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னோம். "எல்லாருக்கும் போடறதுதானே" என்றார் அந்த அம்மா. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம் என்று எண்ணை போனில் எடுத்து வைத்திருந்தோம். அதற்கு வேலை வரவில்லை. முகத்தைக் கொஞ்சம் சுளித்தாலும் 1,050 ரூபாய்க்கு பில்லை மாற்றிக் கொடுத்துவிட்டார். வெளியே வரும்போது பையன் கையில் 50 ரூபாய் கொடுத்தோம். கல்லா பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.