‘தி’ நமக்கு வராதா?

“தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் நம்ம பசங்களுக்கு ‘ஏ’, ‘தி’ எல்லாம் தகராறு” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தனிச்சொல்லாக இல்லையே தவிர, அந்த வித்தியாசத்தை நாம் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

“வீடு பார்க்கப் போனேன்” என்றால் எந்த வீடு என்று முடிவாகவில்லை, தேடுகிறேன். “வீட்டைப் பார்க்கப் போனேன்” என்றால் ஏற்கெனவே நமக்குள் பேசிய வீடு. முதலாவது ‘ஏ ஹவுஸ்’, இரண்டாவது ‘தி ஹவுஸ்’. பெண் பார்க்கப் போவதற்கும் பெண்ணைப் பார்க்கப் போவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாத தமிழர் உண்டா? மாற்றிச் சொன்னால் வம்புதான் :-)

“மேசையில் பேனா இருக்கு”, “பேனா மேசையில் இருக்கு” என்பதும் அப்படியே. முதலில் சொன்னது ஏதோ ஒரு பேனா. அடுத்தது நீங்கள் தேடிக்கொண்டிருந்த பேனா. சொற்களை இடம் மாற்றியே நாம் ‘தி’ போட்டுவிடுகிறோம்.

மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு உறைத்தது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் காதில் விழும் ஊர் இது. மலையாளத்தில் “வாதில் அடய்க்கூ” என்பார்கள். உயிரில்லாத பொருளுக்கு அவர்கள் பெரும்பாலும் உருபு சேர்ப்பதில்லை. நாமோ எதிரே இருக்கும் கதவென்றால் “கதவைச் சாத்து” என்போம். அந்த ‘ஐ’தான் நம் ‘தி’. பக்கத்து பாஷைக்காரர்களுக்கே இல்லாத வசதி!

ஆனால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? உயிரொலிக்கு முன் ‘ஆன்’, மற்றதற்கு ‘ஏ’ என்று வருஷக்கணக்கில் உருப்போட வைக்கிறார்கள். அது வெறும் ஒலி விஷயம். நம் ‘ஒரு நாடு’, ‘ஓர் ஊர்’ மாதிரி. தப்பாகப் போட்டாலும் பொருள் மாறாது. பொருளை மாற்றுவது ‘தி’. அதற்குத்தான் பாடத்தில் நேரமில்லை.

எங்கள் தொழிலில் இது காசு சமாச்சாரம். ஒரே வீட்டுப் பத்திரத்தின் பேரில் ஒருவருக்கு இரண்டு கடன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் ‘ஏ லோன்’ முடிந்தது என்றால் இன்னொன்று பாக்கி இருக்கலாம். ‘தி லோன்ஸ்’ முடிந்தன என்றால் எல்லாமே முடிந்தது, பத்திரத்தைக் கொடு என்று கேட்கலாம். ரூபாய் நோட்டைப் பாருங்கள். ‘தி பேரர்’, ‘தி சம்’ என்றுதான் ரிசர்வ் வங்கி கவர்னர் உறுதி தருகிறார். 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் புரோநோட்டுக்கு இலக்கணம் சொல்லும்போது ‘ஏ’ போட்ட ஒரு நபரையும் ‘தி’ போட்ட பேரரையும் தனித்தனியாகவே வைக்கிறது.

உலக அளவில் இன்னும் பெரிய உதாரணம் உண்டு. 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242ஆம் தீர்மானம், அந்த வருஷப் போரில் பிடித்த இடங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கிலத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்று மட்டும் இருந்தது, முன்னால் ‘தி’ இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் ‘தே’ என்ற சொல் இருந்தது. எல்லா இடங்களிலிருந்துமா, சில இடங்களிலிருந்து மட்டுமா? அரை நூற்றாண்டு தாண்டியும் வாதம் ஓயவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். ஆர்ட்டிகிளைத் தமிழிலிருந்தே சொல்லிக்கொடுங்கள். எழுதுவதற்கு முன் “எந்த?” என்று ஒரு கேள்வி. படிப்பவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்றால் ‘தி’. தெரியாது, ஏதோ ஒன்று என்றால் ‘ஏ’. எல்லா இடத்துக்கும் இது போதாது. ஆட்களைச் சொல்லும்போது “ஒரு பையனைப் பார்த்தேன்” என்று தெரியாத பையனுக்கும் ‘ஐ’ வரும். ‘தி ஹேக்’, ‘தி காம்பியா’ போன்ற பெயர்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனாலும் முக்கால்வாசி சிக்கல் தீரும்.

தமிழ் மீடியத்தில் படித்து, பரீட்சை எழுதி வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒரு ‘தி’ விட்டதற்காகக் கூனிக் குறுகுவதைப் பார்க்கிறேன். அவர்களிடம் “உனக்கு இது வராது” என்று சொல்லாதீர்கள். “இது உனக்கு மூணு வயசிலேயே தெரியும்பா, ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி” என்று சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள்.