பருவங்களைக் கற்பிக்க ஒரு கோலும் அதன் நிழலும்

கோடையில் வெப்பம் மிகுவது ஏன் என்று வினவினால், பூமி அப்போது சூரியனை நெருங்கிச் செல்கிறது என விடை கூறும் மாணவர் பலர். படித்தவர்களிலும் அவ்வாறு எண்ணுவோர் உளர். பூமியின் பாதையை நீண்ட முட்டை வடிவாக வரைந்து காட்டும் படங்கள் இப்பிழைக்கு ஒரு காரணமாகும். உண்மையில் அப்பாதை வட்டத்தினின்றும் மிகச் சிறிதே வேறுபட்டது. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அண்மையில், ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு விலகுகிறது. அண்மையிலிருக்கும் ஜனவரியே நமக்குக் குளிர்காலம். அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை. தொலைவே காரணமாயின் இரு நாடுகளுக்கும் ஒரே பருவமன்றோ இருத்தல் வேண்டும்?

உண்மைக் காரணம் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதும், சூரியனைச் சுற்றும்போது அது ஒரே திசையை நோக்கியிருப்பதுமாகும். அதனால் ஆண்டில் ஒரு பாதியில் வட பகுதியும், மறு பாதியில் தென் பகுதியும் சூரியனை நோக்கிச் சாய்கின்றன. இவ்வுண்மையை வாக்கியமாக மனனம் செய்விப்பதைவிடப் பள்ளி முற்றத்தில் அளந்து காணச் செய்வதே தக்கது என்பது நம் கருத்து.

மைசூரை எடுத்துக்கொள்வோம். இந்நகர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12.3 டிகிரியில் உள்ளது. சமதரையில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைத் தூக்குநூல் கொண்டு செங்குத்தாக நாட்டி, நண்பகலில் விழும் மிகக் குறுகிய நிழலைக் குறித்தல் வேண்டும். டிசம்பர் 22 வாக்கில் அந்நிழல் வடக்கே 72 சென்டிமீட்டர் நீளும். மார்ச் 21 வாக்கில் 22 சென்டிமீட்டராகக் குறுகும். ஏப்ரல் 22, 23 வாக்கில் நிழல் கோலின் அடியிலேயே மறையும். ஜூன் 21 வாக்கில் அது தெற்கே 20 சென்டிமீட்டர் விழும். சூரியன் தலைக்கு வடக்கே சென்றுவிட்டான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

டிசம்பர், ஜூன் நிழல்களை அளவுப்படி வரைந்து கோணமானியால் அளந்தால், சூரியன் உச்சியிலிருந்து விலகிய கோணங்கள் 35.7, 11.1 டிகிரி எனக் கிட்டும். அவற்றின் கூட்டுத்தொகையில் பாதி 23.4, அதுவே அச்சின் சாய்வு. வேறுபாட்டில் பாதி 12.3, அதுவே மைசூரின் அட்சரேகை. இவற்றைச் சிறுவன் தன் கையால் அளந்து பெறுகிறான்.

இங்கு ஓர் ஐயம் எழும். ஆகஸ்ட் 20, 21 வாக்கிலும் மைசூரில் சூரியன் உச்சிக்கு வருகிறது. எனினும் ஏப்ரலின் வெப்பம் அப்போது இல்லையே? தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமும் மழையுமே காரணம். அக்காற்றைத் தூண்டுவதும் சூரியனே. கோடையில் நிலம் கடலினும் மிகுதியாகச் சூடேறுவதால் ஈரக்காற்று நிலத்தை நோக்கி ஈர்க்கப்படுகிறது. ஆகவே சாய்வுடன் பாடத்தை முடித்துவிடாமல், நிலம், கடல், காற்று ஆகியவற்றையும் சேர்த்துரைத்தல் வேண்டும். களப்பணியாளர்க்கும் இது பயன்படும். சூரியன் உச்சிக்கு வரும் நாளை முன்கூட்டியே கணித்துவிடலாம். மழை தொடங்கும் நாளோ ஆண்டுதோறும் மாறுவது. இவ்வேறுபாட்டைக் குடியானவர்க்கு விளக்கவும் இக்கோல் உதவும்.

ஜூனில் வானம் மூடியிருக்குமே என்று சிலர் தடை கூறலாம். ஜூன் 21-க்கு முன்பின் ஒரு வாரத்தில் கிடைக்கும் எந்த வெயில் நண்பகலும் போதும். கோணத்தில் வரும் பிழை கால் டிகிரிக்கும் குறைவே. கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் அளப்பதுதான் பெரும் பிழை. நம் நேரம் 82.5 டிகிரித் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது; மைசூர் அதற்கு மேற்கே உள்ளது. ஆதலால் ஜூன், டிசம்பர் மாதங்களின் அந்நாட்களில் இங்கு உண்மை நண்பகல் 12 மணி 22 நிமிடத்துக்கும் 25 நிமிடத்துக்கும் இடையே நிகழும்.

பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் இல்லை என்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. தேவைப்படுவது ஆண்டில் நான்கு நண்பகல்கள் மட்டுமே. அடுத்த டிசம்பரில் ஒவ்வொரு பள்ளி முற்றத்திலும் ஒரு கோல் நிற்குமாயின், பூமியின் சாய்வு மாணவர்க்குக் கண்கண்ட உண்மையாகும்.