கவலை வேண்டாம், நகெட்டும் உண்டு

ஃபுளோரிடாவுக்கு விடுமுறை செல்லும் குடும்பங்களுக்குச் சொல்லப்படும் ஓர் அறிவுரை என்னை நெடுநாளாக எரிச்சலூட்டி வருகிறது. ஒர்லாண்டோ நகருக்கு அருகே டிஸ்னி நிறுவனம் 2001 ஏப்ரலில் திறந்த அனிமல் கிங்டம் லாட்ஜ் என்னும் விடுதியில் போமா என்றொரு பஃபே உணவகம் உண்டு. சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி உலவும் விடுதி அது. போமா என்பது சுவாகிலியில் அடைப்பை, வேலியிட்ட இடத்தைக் குறிக்கும் சொல். அங்கே போகலாமா என்று யாராவது கேட்டால் உடனே பதில் வரும்: "பிள்ளைகள் சாப்பாட்டில் அடம்பிடிப்பவர்களா? தைரியமாகக் கூட்டிப்போங்கள். ஆப்பிரிக்கச் சாப்பாடு என்றாலும் சிக்கன் நகெட், மக்ரோனி சீஸ் எல்லாம் இருக்கிறது."

அன்போடு சொல்லப்படுவதுதான். சொல்பவர்களில் என் நண்பர்களும் உறவினர்களும் உண்டு. எனினும், இத்தனை சிறிய வாக்கியத்தில் இத்தனை இழிவைப் பொதித்து வைக்க முடியும் என்பது மொழி கற்பிப்பவனாகிய எனக்கே வியப்பளிக்கிறது.

அதில் வரும் 'என்றாலும்' என்ற சொல்லைப் பாருங்கள். மழை என்றாலும் வந்தார், காய்ச்சல் என்றாலும் தேர்வு எழுதினாள் என்று நாம் சொல்வது ஒரு தடையைக் கடந்ததைக் குறிக்க. மழை, காய்ச்சல் வரிசையில் இங்கே ஒரு கண்டத்தின் அன்றாடச் சோறு நிற்கிறது. தாண்டப்பட வேண்டிய தொல்லையாக அது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது, தீர்மானித்தது பெரியவர்கள். அடம்பிடிப்பதாகச் சொல்லப்படும் பிள்ளை இன்னும் தட்டைக் கையில் எடுக்கவேயில்லை.

'ஆப்பிரிக்கச் சாப்பாடு' என்ற ஒன்று இருக்கிறதா என்பதும் கேட்கப்பட வேண்டும். 54 நாடுகள் கொண்ட கண்டம் அது. போமாவின் வரிசையில் வைக்கப்படும் பொபோட்டி தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தது: கொத்திறைச்சியில் மசாலா சேர்த்து, மேலே முட்டையும் பாலும் ஊற்றிச் சூளையில் வேகவைப்பது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் இந்தியக் கரைகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுசென்ற மனிதர்களின் கைமணம் அதில் இருக்கிறது. ஃபூஃபூ மேற்கு ஆப்பிரிக்காவுக்குரியது. இவற்றுக்கிடையே உள்ள தொலைவு சென்னைக்கும் சைபீரியாவுக்கும் இடையே உள்ளதைவிட அதிகம் குறைந்ததல்ல. ஒரே மேசையில் வைத்து ஒரே பெயரிட்டுவிட்டால் தொலைவு மறைந்துவிடுகிறது. 'ஆப்பிரிக்காவால் உந்தப்பெற்றது' என்னும் விளம்பரச் சொல்லுக்கு 'ஆப்பிரிக்காவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்றுதான் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனா (2019இல் காலமானார்) 2005இல் கிராண்டா இதழில் ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்காவைப் பற்றி எழுத விரும்பும் அயலாருக்கான போலி அறிவுரைகள் அவை. ஆப்பிரிக்கர் அரிசியும் கோதுமையும் மாட்டிறைச்சியும் உண்பவர்கள் என்பதை மறைத்துவிடு, வேறெவரும் தின்னாததைத் தின்பவர்களாகக் காட்டு என்ற பொருளில் அதில் ஓர் இடம் வருகிறது. நம்முடைய நகெட் அறிவுரை இந்த அங்கதத்தை அறியாமலேயே அதன்படி நடந்துகொண்டிருக்கிறது.

அடம்பிடிக்கும் அமெரிக்கப் பிள்ளையின் வழக்கமான தட்டையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு குவளை கோலா. கோலா என்பது மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் விளையும் ஒரு கொட்டையின் பெயர். சினுவா அச்செபேயின் 'சிதைவுகள்' நாவலைத் தமிழில் படித்தவர்களுக்கு அந்தக் கொட்டை நினைவிருக்கும். விருந்தினர் வந்தால் முதலில் உடைத்துப் பகிர்வது அதைத்தான். மக்ரோனி சீஸ் இத்தாலி, பிரான்சு வழியாக வந்த உணவு. ஆனால் அமெரிக்க மேசைக்கு அதைச் சமைத்துக் கொண்டுவந்த கைகளில் கறுப்பின அடிமைச் சமையல்காரர்களின் கைகள் முக்கியமானவை. 1784இல் தாமஸ் ஜெஃபர்சன் தன் அடிமையான ஜேம்ஸ் ஹெமிங்ஸைப் பாரிசுக்கு அழைத்துச்சென்று பிரெஞ்சுச் சமையல் பயிற்றுவித்தார் என்பது வரலாறு. நேர்மாறாக, பஃபேயில் ஆப்பிரிக்காவின் அடையாளமாக நிற்கும் மக்காச்சோளக் களியின் மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துத் தானியம். கொலம்பசுக்குப் பின்னர்தான் அட்லாண்டிக்கைக் கடந்தது. நிலக்கடலையும் மரவள்ளியும் அப்படியே. ஆக, பிள்ளை பழக்கமானது என்று நினைத்துக் குடிப்பதன் பெயர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அயலானது என்று ஒதுக்கும் களியோ அமெரிக்காவிலிருந்து போனது.

இந்த அறிவுரையைத் தமிழ்க் குடும்பங்களும் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வதைக் கேட்கும்போதுதான் எரிச்சல் சிரிப்பாக மாறுகிறது. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பயிராக்கப்பட்ட தானியம். கம்பு சகாராவின் தென்விளிம்பிலிருந்து வந்தது. சோளமும் ஆப்பிரிக்காவினது. தட்டைப்பயறு, அதாவது காராமணி, அங்கிருந்து வந்தது. புளி அங்கத்திய மரம். பில்டர் காபியின் மூதாதை எத்தியோப்பியக் காட்டில் நின்றது. கேழ்வரகுக் களியும் புளிக்குழம்பும் தின்று வளர்ந்த பாட்டியின் பேரன் அமெரிக்காவில் ஒரு களித் தட்டின் முன் நின்று 'இது ஆப்பிரிக்கா' என்று அஞ்சுகிறான். அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

போமாவின் சூப் வரிசையில் இடம்பெற்று வந்த ஒன்றின் பெயர் முல்லிகடானி. மிளகுத்தண்ணீர் என்று நாம் சொல்வதைத்தான் சென்னைப் பட்டணத்து ஆங்கிலேயர்கள் அப்படி உச்சரித்து, இறைச்சி சேர்த்து, தங்கள் நாட்டுக்கு எடுத்துச்சென்றார்கள். இன்று அது ஃபுளோரிடாவில் ஆப்பிரிக்க வேடம் பூண்டு நிற்கிறது. அதன் முன் நின்று "காரமா இருக்கும், வேண்டாம்" என்று தமிழில் தடுப்பவர்களை என்னவென்று சொல்வது!

என் தங்கை குடும்பத்துடன் அப்படியொரு பஃபேக்குச் சென்றிருந்தேன். தங்கை மகனுக்கு ஆறு வயது. தட்டைத் தூக்கிக்கொண்டு பாத்திரங்களின் மூடிகளை ஆர்வமாகப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தான். ஒன்றைக் காட்டி, "மாமா, இது என்ன?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் அவன் அப்பா, "அது ஆப்பிரிக்கா சாப்பாடுடா, உனக்குப் பிடிக்காது. அங்க பார், நகெட் இருக்கு" என்றார். பையன் திரும்பிப் போய்விட்டான். கேள்வி கேட்ட பிள்ளை அடம்பிடிக்கும் பிள்ளையாக மாறியதற்கு எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். மச்சான் நல்ல மனிதர். பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்பதைத் தவிர அவர் மனத்தில் வேறொன்றும் இல்லை என்பதை நான் அறிவேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்லப்படுவதைப் பிள்ளைகள் என்றேனும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அக்கறையோடு சொல்லப்படுவது உள்ளே தங்கிவிடும்.

இதே பிள்ளைகள் போமாவில் எதை மறுப்பேதுமின்றி உண்கிறார்கள் தெரியுமா? ஸீப்ரா டோம் என்னும் இனிப்பை. வரிக்குதிரைபோலக் கோடிட்ட வெள்ளைச் சாக்லேட் ஓட்டுக்குள், தென்னாப்பிரிக்காவின் மருலா பழத்திலிருந்து செய்யும் அமருலா என்னும் மதுவின் மணமேற்றிய மூஸ். பிள்ளை அதுவரை கேள்விப்பட்டிராத பழம், கண்டிராத உருவம், அறியாத நாடு. ஆயினும் யாரும் அதன் முன் நின்று 'உனக்குப் பிடிக்காது' என்று சொல்வதில்லை. புதுமைதான் பிள்ளையை மிரட்டுகிறது என்ற வாதம் இங்கே நிற்கவில்லை. (சர்க்கரைக்கு உலகெங்கும் நுழைவு உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை.)

நகெட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது குழந்தைகளின் இயற்கையான உணவு என்பதுபோல் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேக்கர் 1960களில் கோழியிறைச்சியை அரைத்து, ஒட்டி, மாவில் தோய்க்கும் முறையை உருவாக்கி, காப்புரிமைகூடப் பெறாமல் வெளியிட்டார். மெக்டொனால்ட்ஸ் 1983இல் அதை அமெரிக்கா முழுவதும் விற்கத் தொடங்கியது. என் வயதைவிட அதன் வயது அதிகம் கூடுதலில்லை. அதற்கு முன் பிறந்த குழந்தைகள் அனைத்தும் பட்டினியால் மடிந்துவிடவில்லை. ஒரு தொழிற்கூடப் பண்டம் 'குழந்தை உணவு' ஆகிவிட்டது, ஒரு பெருங்கண்டத்தின் உணவு 'சவால்' ஆகிவிட்டது.

குழந்தைகள் புதியதை மறுப்பது உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை அந்த மறுப்பு உச்சத்தில் இருக்கும். ஆனால் அதற்கு மருந்து என்ன என்பதையும் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச் காட்டியது இது: ஓர் உணவைப் பிள்ளை பலமுறை, சில வேளை பத்து முறைக்கு மேலும், சுவைத்துப் பார்த்தால் விருப்பம் வளர்கிறது. 1984இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. கெஃபிர் என்னும் புளித்த பால் பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்துபோனது. 'இதைக் குடி, அது கிடைக்கும்' என்னும்போது 'இது' மோசமானது என்பதைப் பிள்ளை புரிந்துகொள்கிறது. 'ஒரே ஒரு வாய் களி தின்றால் ஸீப்ரா டோம்' என்று பேரம் பேசும் பெற்றோர் இதை யோசிக்கலாம்.

இன்னும் பழைய ஆய்வு கிளாரா டேவிஸினுடையது. பால்குடி மறந்த குழந்தைகளின் முன் 1920களில் பல்வகை உணவுகளைத் தட்டில் வைத்து, எதை எவ்வளவு உண்பது என்று அவர்களே தீர்மானிக்கவிட்டார். செவிலியர் தாமாக எதையும் ஊட்டக்கூடாது, தூண்டக்கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. 'பார்த்தீர்களா, பிள்ளை விரும்பியதைத் தரவேண்டும்' என்று இதைக் காட்டி வாதிடுவோர் ஒன்றை மறைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இருந்த 34 பண்டங்களில் சர்க்கரை இல்லை, ஆலைப் பண்டம் எதுவுமில்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே 1939இல் எழுதினார். பட்டியல் பெரியவர்களுடையது, தேர்வு பிள்ளையினுடையது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். அடம் அல்லாத, உண்மையான துன்பம் சில பிள்ளைகளுக்கு உண்டு. சில மணங்களும் மென்மை கடினங்களும் அவர்களுக்குத் தாங்கமுடியாதவை. உண்ண முடியாமல் மெலிந்துபோகிறார்கள். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு இதைத் தனிக் கோளாறாகவே சேர்த்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நகெட் கிடைப்பது பெரும் ஆறுதல். அந்தப் பெற்றோரை நோக்கி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் என் காதில் விழும் அறிவுரைகள் அவர்களுக்காகச் சொல்லப்படுபவை அல்ல. வீட்டில் ரசஞ்சோறும் தோசையும் ஒழுங்காக உண்ணும் பிள்ளைகளுக்காகச் சொல்லப்படுபவை.

என் வாதத்தை 'அப்படியானால் போமாவுக்குப் போகாதே' என்று திரித்துவிட வேண்டாம். பிடிவாதக்காரப் பிள்ளையை அழைத்துப்போக பஃபேயைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். உணவுப் பட்டியலைப் படித்து ஒன்றைத் தேர்ந்து, அது பிடிக்காமல்போய் மேசையில் அவமானப்படும் நிலை அங்கே இல்லை. பாத்திரத்தைக் கண்ணால் பார்க்கலாம், மணத்தை உணரலாம், அரைக் கரண்டி எடுக்கலாம், வைத்துவிட்டு வேறொன்று எடுக்கலாம். அடுத்த மேசைப் பிள்ளை எதைத் தின்கிறது என்று பார்க்கலாம். டேவிஸின் தட்டுக்கு ஏறத்தாழ அருகில் வரக்கூடிய இடம் அது. அதைக் கெடுப்பவை இரண்டு: குழந்தைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட அந்த மூலை, அதை நோக்கி நீளும் நம் விரல். முதலாவதை நிறுவனம் வைக்கிறது. வணிகம் அது, அழிக்கச் சொன்னால் அழிக்காது. இரண்டாவது நம் கையில் இருக்கிறது.

தலைக்கு இத்தனை டாலர் கொடுத்துவிட்டுப் பிள்ளை பாதி வயிறாய் எழுந்தால் யாருக்கு நட்டம் என்று மச்சான் திரும்பி வரும்போது கேட்டார். நியாயமான கேள்விதான். அதே டாலருக்கு நகெட் தின்றதும் நட்டம்தானே என்றேன். விடுதி அறையில் ரொட்டியும் பழமும் இருந்தன. ஆறு வயதுப் பிள்ளை ஒருவேளை குறைவாக உண்டால், தானே கேட்டு அவற்றைத் தின்னும்.