ஆற்றுப் பள்ளத்தாக்கு மிதிவண்டிப் பாதையும் வேக வரம்பும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வாஷிங்டன் வரை, யாக்ககேனி, பொட்டோமாக் முதலிய ஆறுகளின் கரையை ஒட்டி ஏறத்தாழ 540 கிலோமீட்டர் நீளும் மிதிவண்டிப் பாதையைப் பற்றி இப்போது இரண்டு கேள்விகள் எழுப்பப்படுகின்றன. மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிகளை அதில் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்பது ஒன்று. மழைக்காலத்தில் சேறாகும் பகுதிகளுக்குத் தார் போடலாமா என்பது மற்றொன்று. தனித்தனியே விவாதிக்கப்படும் இவ்விரண்டும் உண்மையில் வேகத்தைப் பற்றிய ஒரே கேள்விதான் என்று நெடும்பயண மிதிவண்டியோட்டிகளின் இவ்வமைப்பு கருதுகிறது. பாதையின் கிழக்குப் பாதியான கால்வாய்ப் பகுதியில் மிதிவண்டிகளுக்கு விதிக்கப்பட்டிருக்கும் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் என்ற வரம்பை மீறத் தூண்டும் எந்த மாற்றமும் இப்பாதைக்கு ஒவ்வாது என்பதே அதன் நிலைப்பாடு.

மோட்டார் வாகனமற்ற பாதை என்பது சாலையோரத்தில் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த இடமன்று. சாலைகளை அங்கங்கே குறுக்கே கடந்தாலும், தனக்கென்று வேறொரு தடத்தைக் கொண்ட வழி அது. அத்தகைய தடத்தை இன்று புதிதாக வாங்கி அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் என்பதால், முன்பு வேறு எதற்கோ வெட்டப்பட்டுக் கைவிடப்பட்ட தடமே பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்கிறது. இப்பாதையின் மேற்குப் பாதி, கிரேட் அலகேனி பாசேஜ் எனப்படும் 241 கிலோமீட்டர், பெரும்பகுதி பழைய இருப்புப்பாதைத் தடங்களில் செல்கிறது. அவற்றுள் முதன்மையான வெஸ்டர்ன் மேரிலாந்து இரயில்வேயின் மலைவழித் தடத்தில் 1975-இல் வண்டிகள் நின்றன. 1986-இல் ஒஹையோபைல் அருகே முதல் 14 கிலோமீட்டர் மிதிவண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. பாதை முழுமையடைய 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் சரக்கை இழுக்க இயலாது என்பதற்காகப் பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளங்களுக்குப் பாலமிட்டும் சரிவைத் தணித்து வைத்தனர். ஆகவேதான் கிழக்கே செசபீக் விரிகுடாவுக்கும் மேற்கே மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் செல்லும் மழைநீரைப் பிரிக்கும் 729 மீட்டர் உயர நீர்ப்பிரிமேட்டைச் சாதாரண ஓட்டி ஒருவர் இறங்கித் தள்ளாமலே கடந்துவிட முடிகிறது.

கம்பர்லாண்ட் நகரில் தொடங்கும் கிழக்குப் பாதி இன்னும் பழையது. அது செசபீக் – ஒஹையோ கால்வாயின் இழுபாதை. அதாவது, கால்வாயில் மிதக்கும் படகைக் கயிறு கட்டி இழுத்த கோவேறு கழுதைகள் நடப்பதற்காகக் கரைமேல் இடப்பட்ட வழி. 1828-இல் வெட்டத் தொடங்கி 1850-இல் கம்பர்லாண்டை எட்டிய இக்கால்வாய், படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏற்றி இறக்கும் ‘லாக்’ எனப்படும் கதவுத் தொட்டிகள் 74-ஐக் கொண்டு 297 கிலோமீட்டர் ஓடியது. 1924-இல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு படகுகள் மீண்டும் ஓடவில்லை. தொடக்கத்திலிருந்தே கழுதையின் நடைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது.

அந்தச் சட்டையைக் காருக்கு மாட்டும் முயற்சி ஒருமுறை நடந்திருக்கிறது. கைவிடப்பட்ட கால்வாய்த் தடத்தில் மோட்டார் சாலை அமைக்கும் திட்டத்தை 1954-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு ஆதரித்து எழுதியபோது, உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், பத்திரிகை ஆசிரியரே தம்மோடு இழுபாதை முழுவதையும் நடந்து பார்த்துவிட்டுப் பிறகு எழுதட்டும் என்று அழைப்பு விடுத்தார். அவ்வாண்டு மார்ச்சில் கம்பர்லாண்டிலிருந்து பெரிய கூட்டமாகப் புறப்பட்டவர்களில் டக்ளஸ் உள்பட ஒன்பது பேரே முழுத் தொலைவையும் நடந்து முடித்தனர் என்றாலும், ஏடு தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. டக்ளஸின் வாதத்தில் கவனிக்கத்தக்கது, காரைப் பற்றிய வெறுப்பு அதில் முதன்மை பெறவில்லை என்பதே. காரிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க முடியாது என்பதைத்தான் அவர் நடத்திக் காட்டினார்.

வேகம் இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பா பா சுரங்கம் காட்டிவிடும். ஆற்றின் பெரு வளைவுகளைத் தவிர்ப்பதற்காகக் குன்றைக் குடைந்து செங்கல் பாவிய 950 மீட்டர் நீளக் குகை அது. உள்ளே விளக்கு இல்லை. ஒரு பக்கம் கால்வாய் நீர், மறுபக்கம் செங்கற்சுவர், நடுவில் எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டிய அகலத்தில் குண்டும் குழியுமான நடைவழி. கைப்பிடிச் சட்டத்தில் டார்ச் ஒளி படும்போது, படகு இழுத்த கயிறுகள் ஆண்டுக்கணக்கில் உரசி உரசி அறுத்த தடங்கள் தெரிகின்றன. இங்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே விதி. பாதையின் மற்ற இடங்களிலும் நிலைமை இதன் இளகிய வடிவமே: நாயுடன் நடப்போர், பின்புறச் சட்டத்தின் இருமருங்கும் பை தொங்கவிட்ட நெடும்பயணிகள், மூன்று சக்கர வண்டியில் குழந்தைகள் ஆகிய எல்லாருக்கும் ஒரே வழிதான்.

மின்மிதிவண்டியைப் பொறுத்தவரை, மோட்டார் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அதை விலக்குவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. அமெரிக்காவில் அவை மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன: மிதித்தால் மட்டும் மோட்டார் துணைசெய்து மணிக்கு 32 கிலோமீட்டரில் நின்றுவிடுவது முதல் வகை, மிதிக்காமலே கைப்பிடியைத் திருகி அதே வேகம் செல்லக்கூடியது இரண்டாம் வகை, மிதிக்கும்போது 45 கிலோமீட்டர் வரை துணைசெய்வது மூன்றாம் வகை. 2019-இல் உள்துறைச் செயலர் பிறப்பித்த ஆணையும் அதையொட்டி 2020-இல் வந்த விதிகளும் தேசியப் பூங்காக்களில் இவற்றுக்கு வழி திறந்தன. எந்த வகையை எங்கே விடுவது என்ற முடிவு பூங்காக் கண்காணிப்பாளர்களிடம் விடப்பட்டது. முழங்கால் தேய்ந்த அறுபது வயதுக்காரர் கம்பர்லாண்டிலிருந்து நீர்ப்பிரிமேடு வரை ஏறத்தாழ 38 கிலோமீட்டர் இடைவிடாது ஏறுவதற்கு முதல் வகை துணைசெய்யுமானால், அதை எதிர்ப்பது பாதையை இளைஞருக்கு மட்டும் எழுதிவைப்பதாகும். முதல் வகையும்கூட 24-ஐத் தாண்டக்கூடியதே என்ற மறுப்பு நியாயமானது. இறக்கத்தில் சாதாரண மிதிவண்டியும் தாண்டும் என்பதால், வரம்பு எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே அதற்கான விடை. மூன்றாம் வகையை இப்பாதையில் எங்கும் அனுமதிக்கக்கூடாது. இரண்டாம் வகையில் உடற்குறையுடையோருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

தார் போடும் கோரிக்கையை இவ்வமைப்பு ஆதரிக்கவில்லை. மேற்குப் பாதியில் பரப்பி இறுக்கியிருக்கும் சுண்ணாம்புக்கல் பொடி ஜல்லியே சக்கர நாற்காலிக்கும் சுமை வண்டிக்கும் போதுமான தளம் என்பது அனுபவத்தில் தெளிவானது. இழுபாதையின் குறை அதன் தளத்தைவிட வடிகாலில்தான் இருக்கிறது. நடுவை உயர்த்தி, அடிமதகுகளைத் தூர்வாரி, பொடி ஜல்லி இட்டால் சேறு பெரும்பாலும் ஒழியும். தாரில் வழுக்கிச் செல்லும் மெல்லிய சக்கரக்காரர்களுக்கு, ஹான்காக் ஊரை ஒட்டி இழுபாதைக்கு இணையாகவே ஓடும் வெஸ்டர்ன் மேரிலாந்து இரயில் டிரெயில் என்ற தார்ப்பாதை இருக்கிறது. (அதுவும் ஓரிடத்தில் இழுபாதைக்கு இறங்கிச் சுற்றிவருகிறது, வழியிலுள்ள இன்டிகோ சுரங்கம் வௌவால்களுக்கு விடப்பட்டிருப்பதே காரணம். இதைக் குறை சொல்ல இவ்வமைப்புக்கு மனமில்லை.)

தாருக்கு ஒதுக்கும் பணம் இருக்குமானால், அது தொடர்ச்சியைக் காப்பதற்கே முதலில் போகவேண்டும். பிக் ஸ்லாக்வாட்டர் என்ற இடத்தில் பாறைச்சரிவை ஒட்டிய இழுபாதை வெள்ளங்களால் சிதைந்ததனால், 2012-இல் கான்கிரீட் நடைவழி திறக்கப்படும் வரை, பல ஆண்டுகள் பயணிகள் ஓரமில்லாத குறுகிய வளைவுச் சாலையில் கார்களுக்கிடையே சில மைல் சுற்றிச் செல்ல நேர்ந்தது. குழந்தையுடன் கிளம்பும் குடும்பத்துக்கு அந்தச் சில மைல்களே பயணத்தைத் தடுக்கும் சுவராகும். ஆற்றங்கரைப் பாதையை ஆறு அரிக்கத்தான் செய்யும் என்பதால், கரை பழுதுபார்ப்புக்கும், கூடாரமடிக்கும் இடங்களிலுள்ள அடிபம்புகளைப் பேணுவதற்கும் நிலையான ஆண்டு ஒதுக்கீடு தேவை.

நீர்ப்பிரிமேட்டுக்கு அருகேயுள்ள ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமான பிக் சாவேஜ் சுரங்கம், கசியும் நீர் உறைந்து உட்சுவரைப் பெயர்த்துவிடாதிருக்க, குளிர்காலம் முழுவதும் கதவடைக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் அதைத் திறந்துவைக்கவேண்டும் என்ற கோரிக்கையில் இவ்வமைப்பு கையெழுத்திடாது. மூடும் நாளும் திறக்கும் நாளும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, இருபுறத்து ஊர்களின் பாதை முகப்புகளிலும் எழுதிவைக்கப்பட வேண்டும் என்று மட்டும் அது கேட்டுக்கொள்கிறது.