ஹெரால்டும் மின்மகிழுந்தும்

மதுரையிலிருந்து அழகர்கோயில் செல்லும் சாலையில், ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதுகளில், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்து ஒன்றை அரிதாகக் காணலாம். அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் நெடுநாள் நண்பர். அண்மையில் அவருடைய மகன் மின்மகிழுந்து ஒன்றை வாங்கி அதே முற்றத்தில் நிறுத்தினார். புதிய வண்டி எப்படி என்று நண்பரைக் கேட்டேன். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்றார்.

பழைய வண்டிகளைப் போற்றுவோர் பலரிடம் இவ்விருமனம் காணப்படுகிறது. மின்னூர்தியை அவர்கள் வெறுக்கவில்லை. முழுமனத்துடன் வரவேற்கவும் இயலவில்லை. இதனை முதியோரின் பழம்பற்று என்று இளைஞர்கள் எள்ளி நகையாடுவதும் உண்டு. அவ்வாறு ஒதுக்கிவிடத்தக்க உணர்வன்று இது என்பதே என் கருத்து.

ஹெரால்டு நம் மண்ணோடு தொடர்புடைய வண்டி. 1961 முதல் 1971 வரை சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதனை உருவாக்கி விற்றது. இங்கிலாந்தில் அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கியே 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற பந்தயப் பாங்கு வண்டியைப் படைத்தனர். இரண்டிற்கும் வடிவம் தந்தவர் மிச்சலோட்டி என்னும் இத்தாலியக் கலைஞர். எனவே, விலையுயர்ந்த அயல்நாட்டு வண்டிகளைக் கனவிலும் வாங்கவியலாத நம்மூர் நடுத்தர மக்களுக்கு, ஹெரால்டே எளிய பந்தயக்குதிரையாக விளங்கியது. அதன் முன்மூடியை எடுத்தால் சக்கர வளைவுகளோடு முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். 948 கன செண்டிமீட்டர் எந்திரமும் முன்சக்கர அமைப்பும் பாடம் படிக்க வைத்த படம்போல் கண்ணெதிரே நிற்கும். என் நண்பர் எந்திரவியல் கற்றது எந்தக் கல்லூரியிலும் அன்று, அந்த முன்மூடியின்கீழ்த்தான்.

மின்னூர்தியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அது நேற்று முளைத்ததன்று. 1899-ஆம் ஆண்டு, பாரிசு நகருக்கு அருகில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய சாலை ஊர்தி மின்கலத்தால் ஓடியதே. அதனைச் செலுத்தியவர் பெல்ஜியம் நாட்டின் கேமில் ஜெனாட்சி. பெட்ரோல் வண்டிகளை உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவியே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் மின்வண்டியில்தான் உலா வந்தார்! கைப்பிடியைச் சுழற்றி எந்திரத்தை உயிர்ப்பிக்கும் தொல்லையை 1912-இல் கேடிலாக் வண்டியில் வந்த மின்தொடக்கி நீக்கிய பிறகே, பெட்ரோலின் கை மேலும் ஓங்கியது. பெட்ரோல் எந்திரம் தான் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே ஓட்டமாக மாற்றுகிறது. மின்னோடியோ பத்தில் எட்டொன்பது பங்கை மாற்றிவிடுகிறது. நின்ற நிலையிலேயே முழு இழுவிசையும் தருகிறது. புகையில்லை. மதுரை மாசி வீதிகளில் மாலை நேரத்தில் நடந்து பார்த்த எவரும் புகையின்மையின் அருமையை மறுக்கமாட்டார். மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்பர். தூத்துக்குடி அனல் நிலையத்தை நோக்க அது மெய்யே. ஆயினும், கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்கிவருவதும் மெய்யே.

அப்படியாயின் குறை எங்கே? ஓசையில்லை, கியர் மாற்றும் இன்பமில்லை என்பார் உளர். இது சுவையைப் பொறுத்தது. இதற்காக உலகம் புகையை விழுங்கவேண்டியதில்லை. பழைய வண்டியின் எந்திரத்தை எடுத்துவிட்டு மின்னோடியைப் பொருத்துவது முறையா என்னும் வழக்கும் ஆர்வலரிடையே நடக்கிறது. 2018-இல் இங்கிலாந்து இளவரசர் ஹாரி தம் திருமண நாளன்று, மின்வண்டியாக மாற்றிய ஜாகுவார் இ-டைப் வண்டியில் மனைவியுடன் சென்றார். கண்டு மகிழ்ந்தோர் பலர், கலங்கினோரும் பலர். மறு ஆண்டே உலகப் பழம்ஊர்திக் கூட்டமைப்பு, அவ்வாறு மாற்றப்பட்டவை தம் இலக்கணப்படி வரலாற்று ஊர்திகள் ஆகா என்று அறிவித்தது. எனக்கும் அதுவே சரியெனப்படுகிறது.

நண்பரின் மனக்குறை இவற்றினும் ஆழமானது. அவரது ஹெரால்டுக்குரிய உதிரிப்பாகங்கள் கடைகளில் கிடைப்பது அரிது. ஆயினும் வண்டி ஓடுகிறது. ஏன்? கோ. புதூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், வேண்டிய புஷ்ஷை லேத்தில் கடைந்து தரும் கைகள் இருக்கின்றன. கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, செவியால் கேட்டே சீர்செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். மதுரை இத்தகைய கைகளால் வளர்ந்த ஊர். 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்துப் பெறும் வாயுவால் பேருந்துகளை ஓட்டும் கருவியைத் தானே செய்து ஓட்டிக் காட்டியது. எந்திரம் திறந்த புத்தகமாக இருந்தமையால் அல்லவா அது கைகூடிற்று?

இவ்விடத்தில் என் நினைவு குதிரைகளை நோக்கிச் செல்கிறது. கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். மாணிக்கவாசகர் வரலாறே பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்றதில் தொடங்குகிறது. நம்மவருள் வழங்கும் இராவுத்தர் என்னும் பெயரும் குதிரை வீரரைக் குறித்ததே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியை எழுதிவைத்தார். மன்னர் ஆண்டுதோறும் 2000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவார். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சாது. பேணத் தெரிந்தவரும் இலாடம் அடிப்பவரும் இங்கு இல்லாமையால் அவை மாண்டுபோகும். குதிரை கொண்டுவரும் வணிகரோ இலாடக்காரரை உடன் அழைத்து வருவதில்லை; வரவிடுவதும் இல்லை. குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வணிகம் நடக்கும்! அவ்வணிகருள் நம் சமயத்தினர் மிகுதி என்பதை மறைக்கவேண்டியதில்லை. பிழை யார் செய்தாலும் பிழையே.

மின்மகிழுந்தைப் பற்றிய அச்சம் இதுவே. மின்கலத்தொகுதி முத்திரையிட்ட பேழையாக அடித்தளத்தில் கிடக்கிறது. பழுதைக் காட்டும் மென்பொருள் நிறுவனத்தின் கையில் உள்ளது. மின்கலத்திற்கு 8 ஆண்டு உத்தரவாதம் தருகின்றனர், நல்லதே. ஒன்பதாம் ஆண்டில் அதனைத் திறந்து, கெட்ட கலங்களை மட்டும் மாற்றித் தருவார் யார்? உள்ளே பாய்வது பல நூறு வோல்ட் மின்சாரம். ஆகவே கண்டவர் கைவைக்கலாகாது என்பதில் நியாயம் உண்டு. கண்டவர் கைவைக்கலாகாது என்பது வேறு. கற்றவரும் கைவைக்க வழியில்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை உற்பத்தியாளர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய, ஒன்றிய நுகர்வோர் நலத்துறை 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் வரம்பில் ஊர்திகளும் இடம்பெற்றன. இது சட்டத்தின் வலிமையைப் பெறவேண்டும். வீண்விரயத்தை வன்மையாகக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு, ஒரு கலம் கெட்டமைக்காக முழு வண்டியையும் எறிவது எப்படி உடன்பாடாகும்?

2021-இல் நடுவணரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை ஊர்திகளாகத் தனிவரிசை எண்ணில் பதிவு செய்யலாம். நண்பரின் ஹெரால்டு அத்தகுதியை எட்டிவிட்டது. அவர் மகன் வாங்கிய மின்மகிழுந்து அத்தகுதியை எட்ட இன்னும் அரை நூற்றாண்டு வேண்டும். அது அதுவரை ஓடுமா என்பதன்று. ஓடவைக்க ஒருவரேனும் அனுமதிக்கப்படுவாரா என்பதே கேள்வி. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதை நான் ஓட்டமாகக் கருதவில்லை.

சென்ற மாதம் நண்பர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஹெரால்டுக்கு எண்ணெய் மாற்ற வந்திருந்த பாய், பதினெட்டு வயது மகனையும் உடன் அழைத்து வந்திருந்தார். வேலை முடிந்ததும் அந்தப் பிள்ளை மின்மகிழுந்தின் முன்மூடியைத் திறந்து காட்டும்படி வேண்டினான். உள்ளே நெகிழி மூடி. அதனடியில் ஆரஞ்சு நிறக் கம்பிகள். மேலே தொடாதே என்னும் எச்சரிக்கை. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இதப் படிக்கணும்னா எங்க சார் போறது?" என்று கேட்டான். நண்பர் என்னைப் பார்த்தார்.

நம் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகின்றன. அவற்றிற் பெரும்பகுதி பட்டப்படிப்பிற்கே செல்கிறது. பட்டறைப் பிள்ளைகளுக்குச் செல்வது குறைவு. மின்னூர்திப் பழுதுநீக்கத்தை முறையாகக் கற்கும் பயிற்சிக்கு ஒவ்வொரு மஹல்லாவும் ஓரிரு பிள்ளைகளையேனும் அனுப்ப முன்வரலாம். விடுமுறைக் காலத்தில் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகங்களில் மின்கல அடிப்படைகளை இவர்களுக்குக் கற்பிக்க இயலும். எம் ஆசிரியருள் சிலர் இதற்கு இசைந்துள்ளனர். அந்தப் பிள்ளையின் பெயரை நான் குறித்து வைத்திருக்கிறேன்.