எல்லையோரத்துக்கு ஒரு மைதானம், ஒரு பாய்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வட்டாரங்களில் இரண்டாம் போக அறுவடை முடிந்ததும் வயலில் முதலில் இறங்குபவை மாடுகள். அடுத்து இறங்குபவர்கள் கிரிக்கெட் பையன்கள். தாளை மிதித்துச் சமப்படுத்தி ஸ்டம்பு நட்டுவிட்டால், கோடை மழை பிடிக்கும்வரை ஞாயிறுதோறும் ஆட்டம்தான்.

இந்த ஆட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மட்டை பிடிக்கும் கட்சிக்காரரே அம்பயராக நிற்பார். தன் ஆள் அவுட் என்றால் அவரே விரலைத் தூக்க வேண்டும். தூக்கத் தயங்கியவரை மறுவாரம் யாரும் அம்பயராக நிற்க அழைப்பதில்லை. பள்ளிக்கூடம் கற்றுத்தராத நேர்மையை வயல் கற்றுத்தருகிறது.

உள்ளூர் ஆட்டம்தானே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. ஓவர்களுக்கு வரம்பு கட்டி ஆடும் பூஜா கிரிக்கெட் போட்டியைத் திருப்பூணித்துறையில் கேளப்பன் தம்புரான் 1951-ல் தொடங்கினார். இங்கிலாந்தில் ஜில்லெட் கோப்பை வந்தது 1963-ல்தான். பாலக்காடு கோட்டை மைதானத்துக்கும் பெருமை உண்டு. 1994-95 ரஞ்சிப் பந்தயத்தில் கேரளம் தமிழ்நாட்டை வென்றது அங்கேதான். எல்லையோரத் தமிழர் அன்று எந்தக் கட்சிக்குக் கைதட்டுவது என்று திண்டாடியிருப்பார்கள்! கேரள அணி 2025-ல் முதன்முறையாக ரஞ்சி இறுதியாட்டம் வரை சென்றது. அத்தகைய அணிகளுக்கு ஆள் கொடுப்பவை ஊர் மைதானங்களும் மாவட்ட லீக் ஆட்டங்களும் அல்லவா?

ஆனால் இன்று வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. ரொக்கப் பரிசு வைத்து இரவு விளக்கில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகள் பெருகிவிட்டன. அவற்றில் வெளியூர் ஆட்களைக் கூலிக்கு அழைத்து வருகிறார்கள். ஊர்ப் பையன் வேடிக்கை பார்க்கிறான். பணம் புகுந்த இடத்தில் தன் ஆளுக்கே விரல் தூக்கும் அம்பயரை எங்கே தேடுவது? தோல் பந்தில் பழக விரும்பும் பையனோ பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. காலுறை, கையுறை, மட்டை எல்லாம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத விலை.

பெரிய ஸ்டேடியம் வேண்டும் என்று இங்கு யாரும் கேட்கவில்லை. எல்லையோரப் பஞ்சாயத்து ஒவ்வொன்றும் பொது நிலத்தில் ஒரு மைதானம் ஒதுக்கட்டும். கிரிக்கெட் சங்கத்தார் அங்கே விரிக்க ஒரு கயிற்றுப் பாயும், பொது உபயோகத்துக்கு ஒரு பை நிறையச் சாமான்களும் தரட்டும். லீக் ஆட்டங்களில் சிலவற்றையாவது இந்தப் பக்கம் நடத்தட்டும். பையன்கள் தயாராக இருக்கிறார்கள். விரல் தூக்கத் தயங்காத அம்பயர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.