யார் அருகில் யார்?

ஒரு ஸ்தாபனத்தின் மூலதனம் இயந்திரமா, ஆட்களா என்னும் வினா சங்கத்து அன்பர்களிடையே அடிக்கடி எழுவதுண்டு. மாரிகுப்பத்தில் வாழும் நாம் விடை தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியை ஏற்ற பின்னர், வடஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்தனர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர் பலர். சுரங்கம் இன்னதென்று கண்டறியாதவர். அவர்தம் சந்ததியார் காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றிருந்தது. இடைப்பட்ட கல்வியின் பெரும்பகுதி எந்தப் பள்ளியிலும் நடைபெறவில்லை. பாறையே சுடும் ஆழத்தில், மூத்த தொழிலாளியின் அருகில் நடைபெற்றது. கடப்பாரையால் தட்டும்போது பாறை கணீரென்றால் உறுதி. பொத்தென்றால் விலகி நிற்க வேண்டும். இதனைக் காகிதத்தில் எழுதலாம், காதுக்குக் கற்பிக்க இயலாது. ஆகவே இளைஞன் ஒருவனை யாருடன் இறக்குவது என்று தீர்மானித்தவர், அவன் கல்வியையும் சில வேளை உயிரையும் தீர்மானித்தார். (பணிப்பட்டியலை வெறுங்காகிதம் என்பாரை இரயில்வே அலுவலகத்திலும் நாம் கண்டிருக்கிறோம்.)

பாறை வெடிப்பால் நேர்ந்த மரணங்கள் பல. மரத்தாங்கிகளுக்குப் பின் கருங்கற் சுவரும், அதன்பின் கான்கிரீட்டும் வந்தன. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேயே தோன்றியது. பொறியாளர் கற்றவை இவ்வாறு வரைபடமாகவும் அறிக்கையாகவும் சேமிக்கப்பட்டன. தொழிலாளி கற்றவற்றுக்கு அத்தகைய பெட்டகம் அமையவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது அவ்வறிவு ஆட்களோடு வீடு சென்றது. நிர்வாகத்தாருக்குத் தளவாடக் கணக்கு இருந்தது. கைத்திறனுக்குக் கணக்கு ஏது?

இன்று விடியுமுன் நம் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு வண்டியேறும் இளைஞர் பலர். வேலை கிடைத்ததென்று அவர்கள் சொல்லும்போது, சம்பளம் எவ்வளவென்று எல்லாரும் கேட்கின்றனர். யார் அருகில் நிறுத்தினார்கள் என்றும் பெற்றோர் கேட்கலாம். தேர்ந்த கையுடையவர் அருகில் ஆறு மாதம் நிற்பது, சிறிது கூடுதலான சம்பளத்தைவிட மேலானது என்பது நம் எண்ணம்.

நிற்க. கீழே இறங்கி உழைத்த பெரியவர்கள் இன்னும் நம் வரிசை வீடுகளில் இருக்கின்றனர். கல்தூசி படிந்த நுரையீரலால் சிலருக்கு நீண்டநேரம் பேச முடிவதில்லை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் அவர்களிடம் சென்று அமர்ந்து, சொல்வதைக் குறித்துவந்தால், இப்பகுதியில் மாதம் ஒன்றாக வெளியிட இடம் ஒதுக்குவோம்.